பன்னிரண்டு மணித் தேனெடுப்பு

இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருக்கிறது. இருபத்தைந்து நிமிடத்தில் ஒரு ஆள் எழுந்து, தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு, பஸ்ஸில் போய்ப் படுத்துக்கொள்ள முடியும். எழுந்திரு நஞ்சப்பா, எழுந்திரு. எழுந்தால் கலாமணி கூடவே வருவாள், தைலம் தேய்க்கிறேன் என்பாள், காய்ச்சலா என்று கழுத்தில் கை வைப்பாள், வைத்தால் இந்த வியர்வை தெரிந்துபோகும். அதனால் உட்கார்ந்திருக்கிறேன். சிமெண்டு கேலரி, மூன்றாவது வரிசை, தொடை சுடுகிறது. எதிரே பாறை, நாற்பதடி இருக்கும். உச்சியில் ஒரு மரம், அதுவும் சிமெண்டு, பட்டை மாதிரி கீறிவிட்டு பிரவுன் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். மரத்தடியில் சுருட்டிப் போட்ட காட்டுக்கொடி. பாறைக்குப் பக்கத்தில் போர்டு: 'பழங்குடியினரின் தேனெடுப்பு, நேரடிக் காட்சி, பகல் 12 மணி.' போர்டில் ஒரு முகம், ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கின முகம், பல் தெரியச் சிரிக்கிறது. சடையன். என் அக்கா ரேசியின் புருஷன். அக்கா என்றால் ஒரே வயிற்றில் பிறந்த அக்கா. எனக்கு அப்படி ஒரு அக்கா இருப்பது கலாமணிக்குத் தெரியாது. கல்யாணமாகி நான்கு வருடமாகிறது. எனக்கு யாரும் இல்லை என்று சொல்லித்தான் கட்டிக்கொண்டேன். அப்பனும் அம்மாவும் செத்துப்போனது உண்மை, மற்றவர்களையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டேன். பொய்யைச் சொல்வதுதான் கஷ்டம், சொன்னபிறகு அதற்குச் சோறுகூடப் போட வேண்டாம், தானே வளர்ந்துகொள்கிறது. அவிநாசியில் அவள் வீட்டில் ஐயோ பாவம் என்றார்கள். மாமியார் ஒவ்வொரு தீபாவளிக்கும் எனக்கு மட்டும் இரண்டு சட்டை எடுக்கிறாள், ஒன்று அம்மா இல்லாததற்கு.

வருடத்துக்கு ஒருதரம் எங்கள் பனியன் கம்பெனி டூர் கூட்டிப்போகும். போன வருடம் டேம், அதற்கு முந்தின வருடம் கோயில். இந்த வருடம் 'வாழும் அருங்காட்சியகம்' என்று நோட்டீஸ் ஒட்டினபோது நான் கட்டிங் டேபிளில் துணி விரித்துக்கொண்டிருந்தேன். மலை என்று போட்டிருந்தது, எந்த மலை என்று போடவில்லை. நாட்டில் மலைக்கா பஞ்சம்? பழங்குடி என்றால் எங்கள் ஆட்கள் மட்டுந்தானா? வேறு யாரையாவது பிடித்து வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். ஏழாவது கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பினபோது ஜன்னல் வழியாக உண்ணிச்செடி வாசனை வந்தது, எங்கள் மலையின் வாசனை, மூக்கைப் பொத்திக்கொண்டேன். பஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று கலாமணி எலுமிச்சம்பழத்தைக் கையில் திணித்தாள். டிக்கெட் கவுண்டரில் இதே முகம் இன்னும் பெரிதாக. அப்போதே திரும்பியிருக்க வேண்டும். எங்கே திரும்புவது, ஐம்பத்திரண்டு பேர் வந்த பஸ்ஸில்? தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு உள்ளே வந்தேன். மண் நிறம் பூசிய பத்து சிமெண்டுக் குடிசைகள், கதவில் நம்பர். கழிப்பறைக் கதவில் ஆம்பிளைக்கு வில், பொம்பிளைக்கு உலக்கை. எங்கள் அப்பன் செத்தபோது போட்டிருந்தது டெரிகாட்டன் சட்டை, அவருடைய அப்பனே சட்டை போட்ட ஆள்தான். இங்கே ஒவ்வொருத்தன் இடுப்பிலும் தழை, தழைக்குள் காக்கி டிராயர், டிராயர் பையில் செல்போன். சிரிப்பு வந்தது, சிரிக்கப் பயமாகவும் இருந்தது. தழை கட்டின ஒருத்தன் நிமிர்ந்து 'டேய் நஞ்சா' என்றுவிட்டால்? கம்பெனியில் நான் நஞ்சப்பன், சொந்த ஊர் மேட்டுப்பாளையம் பக்கம், அவ்வளவுதான். பக்கம் என்பது நல்ல சொல், எத்தனை மைலையும் அதற்குள் அடைத்துவிடலாம்.

நாலாம் நம்பர் குடிசைக்குள் ஒரு பெண் ராகி திரித்துக்கொண்டிருந்தாள். வாசலிலிருந்து முதுகு மட்டுந்தான் தெரிந்தது. முதுகு போதும். எனக்கு அம்மை போட்டபோது இருபது நாள் என்னைச் சுமந்த முதுகு அது. நான் உடனே போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஹலோ, ஹலோ, சிக்னல் இல்லைங்க" என்று சொல்லியபடி புளியமரம் வரைக்கும் நடந்துவிட்டேன். எதிர்முனையில் யாருமே இல்லை. கலாமணி மட்டும் உள்ளே போனாள். பத்து நிமிடம். பத்து நிமிடத்தில் என்னென்ன பேசலாம் என்று எண்ணிப்பார்த்தால் ஒரு ஆயுசையே பேசிவிடலாம் போலிருந்தது. வெளியே வந்தவள் கழுத்தில் உள்ளே போகும்போது இல்லாத மணிமாலை, முகம் பூராவும் சிரிப்பு. "ஏனுங்க, அந்தக்கா மூக்கு அப்படியே உங்க மூக்குங்க. எங்க வீட்டுக்காரருக்கும் இதே மூக்குத்தான்னு சொன்னேன். ஒன்னும் பேசல. என் தாடையப் புடிச்சு இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துச்சு. அப்பறம் வாசலப் பார்த்துச்சு. நீங்கதான் அங்க போனும் கையுமா முதுகக் காட்டிட்டு நின்னீங்களே." முதுகு. அவளுக்கும் முதுகு போதும். அப்படியானால் தெரிந்துவிட்டது. தெரிந்தும் கூப்பிடவில்லை. தெரியாமலும் இருக்கலாம், ஆறு வருடத்தில் எனக்குச் சதை போட்டுவிட்டது, கம்பெனி கேண்டீன் உடம்பு. ஆனால் தாடையை ஏன் பிடித்தாள்? டூர் வருகிற எல்லாப் பெண்களின் தாடையையுமா பிடித்துப் பார்க்கிறாள்? பிடிக்கச் சொல்லிச் சம்பளம் கொடுத்தாலும் கொடுப்பார்கள் இந்த ஊரில். பதினெட்டு நிமிடம் இருக்கிறது. பாறை உச்சிக்கு ஒரு வாட்ச்மேன் ஏறிக்கொண்டிருக்கிறான், நீலச்சட்டை. அவன் எதற்கு அங்கே?

எங்கள் ஆட்களில் தேனெடுக்கப் பாறையில் இறங்குகிறவனுக்கு மேலே கொடி பிடிப்பது அவன் பெண்டாட்டியுடன் பிறந்தவன்தான். சொந்தத் தம்பி பிடிக்கக் கூடாது. கூடப் பிறந்தவனுக்கு மனசில் எதுவும் இருக்கலாம், ஆடு, நிலம், எப்போதோ பேசின ஒரு பேச்சு. மச்சானுக்கு அப்படி இருக்க முடியாது, கொடியை விட்டால் அவனுடைய அக்காதானே தனியாக நிற்பாள். சின்ன வயதில் இதை எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை, சோறு வாயில்தான் போகும் என்பதை யாரும் சொல்லாத மாதிரி. கொடியின் ஒரு நுனி இறங்குகிறவன் இடுப்பில் இருக்கும், மரத்தில் கொடியை ஒரு சுற்று சுற்றி, மறு நுனியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பிடி பிடியாக விட வேண்டும். ஒரு கை நகரும்போது மற்ற கை இருக்க வேண்டும். கொடியை யாரும் தாண்டக் கூடாது. பிடிக்கிறவன் இறங்குகிறவனோடு தவிர யாரோடும் பேசக் கூடாது. தேனீ வந்தால் வந்தது, கொட்டினால் கொட்டியது, கை அசையக் கூடாது. பதினாறு வயதிலிருந்து சடையன் மாமாவுக்கு நான்தான் பிடித்தேன். மழை நாள், காற்று நாள், காய்ச்சல் நாள்கூட. ஒருதரம் கன்னத்தில் ஒன்பது இடத்தில் கொட்டியும் நின்றேன், அக்கா எண்ணினாள், ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதத்துச் சாயங்காலம், மாமா மூன்றாவது தேனடைக்கு இறங்கிக்கொண்டிருந்தார், கீழே புகை, எனக்குக் கண் எரியக்கூட இல்லை. புருவத்தின்மேல் ஒரு தேனீ வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்தது, அவ்வளவுதான். நடக்கிறது, இப்போது கொட்டும், இப்போது கொட்டும் என்று நினைத்தேன். கை முகத்துக்குப் போய்விட்டது. வலது கையா இடது கையா? இத்தனை வருடமாக ராத்திரி படுத்தால் இதே யோசனை. ஒரு கை போயிருந்தால் மற்றது பிடித்திருக்கும், கொடி நின்றிருக்கும். நிற்கவில்லை. அதனால் இரண்டு கையும் போயிருக்க வேண்டும். இரண்டு கையையும் முகத்துக்குக் கொண்டுபோகிறவன் எவனாவது உண்டா? நான் இருக்கிறேனே. மரப்பட்டையில் கொடி ஓடுகிற சத்தம். பிறகு பிடித்தேன், உள்ளங்கைத் தோல் உரிந்து கொடியோடு போனது, பிடித்தேன். அதற்குள் மூன்று ஆள் ஆழம் இறங்கியாயிற்று. முழங்கால் பாறையில் மோதின சத்தம் மேலே வரைக்கும் கேட்டது.

கொட்டிவிட்டது என்று சொன்னேன். வேறென்ன சொல்வேன்? கண்ணில் கொட்டிவிட்டது, கண்ணே தெரியவில்லை, கொடி வழுக்கிவிட்டது. எல்லாரும் சரி என்றார்கள், அது நடக்கிறதுதான். மாமாவைக் கட்டிலில் போட்டுக் கீழே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், அவர் முனகினாரே தவிர என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா போகாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் முகத்தை மடியில் வைத்துக்கொண்டு கொட்டின இடத்தைத் தேடினாள், கொடுக்கை எடுக்கவேண்டுமே. புருவத்தில் நகத்தால் தடவினாள். இமையில் தடவினாள். மறுபடி புருவத்தில். வீக்கமும் இல்லை, கொடுக்கும் இல்லை, சிவப்புக்கூட இல்லை. அவள் விரல் நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் நின்றது? கால் நிமிடம் இருக்கும். அப்புறம் நகத்தால் எதையோ கிள்ளி எடுப்பதுபோல் எடுத்து, வெளியே வீசி, எல்லாருக்கும் கேட்கும்படி, "எடுத்துட்டேன்" என்றாள். அந்த ஒரு வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு அறை அறைந்திருந்தால் நான் இன்றைக்கும் அந்த ஊரிலேயே கிடந்திருப்பேன். கை ஆறினபிறகு ஒரு விடியற்காலையில் மேட்டுப்பாளையம் போய், அங்கிருந்து திருப்பூர் பஸ் ஏறிவிட்டேன். அவள் மாமாவிடம் சொல்லியிருப்பாளா? புருஷனிடம் சொல்லாமல் இருப்பாளா? சொல்லியிருந்தால் அவர் என்ன நினைத்திருப்பார்? சொல்லாமல் இருந்தால் அவளே ஆறு வருடமாக அந்த இல்லாத கொடுக்கைச் சுமந்துகொண்டிருக்கிறாள். இரண்டில் எது எனக்கு நல்லது என்று யோசிக்கிறேன் பார், இங்கே உட்கார்ந்துகொண்டு, கலாமணி உரித்துக் கொடுக்கிற ஆரஞ்சைத் தின்றுகொண்டு. வெட்கமாக இருக்கிறது. ஆரஞ்சு நன்றாகவும் இருக்கிறது.

மைக் கரகரத்தது. அருங்காட்சியக டீசர்ட் போட்ட ஒரு பெண். "வணக்கம் மக்களே! எல்லாரும் ரெடியா?" ரெடி என்று கேலரி கத்தியது. ஸ்பீக்கரில் பறையும் குழலுமாக ஏதோ போட்டார்கள், எங்களுடையது இல்லை, யாருடையதோ. உச்சியில் வாட்ச்மேன் கொடியின் நுனியை எடுத்துக்கொண்டான். ஒரு கையில். மற்ற கையில் போன். ஒரு கையில்! இது நாடகம் நஞ்சப்பா, உண்மையில் ஒரு ஆளை இப்படி இறக்க விடுவார்களா, அனுமதி வாங்க வேண்டும், இன்சூரன்ஸ் வேண்டும், எங்கேயோ ஏதோ பாதுகாப்பு வைத்திருப்பார்கள். எங்கே? எனக்குத் தெரியவில்லையே. கொடி தெரிகிறது, சிமெண்டு மரம் தெரிகிறது, போனைப் பார்த்துச் சிரிக்கிற வாட்ச்மேன் தெரிகிறான். வேறொன்றும் கண்ணில் படவில்லை. வைத்திருப்பார்கள். புத்திக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை, கை வியர்த்து ஊற்றுகிறது. அப்போது மாமா குடிசைப் பக்கத்திலிருந்து வந்தார். தழை, மணி, முகத்தில் வெள்ளைக் கோடுகள். போர்டில் இருந்த சிரிப்பு இல்லை. இடது காலை ஊன்றும்போது உடம்பு ஒருபக்கம் இறங்கி ஏறியது. கேலரியில் ஒரு குழந்தை அது நடனம் என்று நினைத்துக் கைதட்டியது. படிக்கட்டில் அவர் ஏறினார், ஒவ்வொரு படிக்கும் வலது கால் முதலில், இடது கால் அதே படிக்கு. நாற்பத்தி மூன்று படி. எண்ணாதே என்றால் கேட்கிறதா மனசு. அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. நான் செய்த கால் அது. "பாவங்க, கால் சரியில்ல அவருக்கு. இவரையா இறக்கறாங்க?" என்றாள் கலாமணி. நான் ஆரஞ்சுக் கொட்டையை விழுங்கிவிட்டேன்.

மைக் பெண் விளக்கிக்கொண்டிருந்தாள். "இவங்க வழக்கத்துல ஒரு ஸ்பெஷல் இருக்கு மக்களே! மேல கயிறு பிடிக்கிறது யாரு தெரியுமா? மனைவியோட தம்பி! ஏன்? அக்கா வாழ்க்கை அவர் கையில!" ஓ என்றார்கள். "நம்ம சடையன் அண்ணாவுக்கு மச்சான் இருக்காரு, ஆனா எங்கயோ டவுனுக்குப் போயிட்டாரு. அதனால தினமும் உங்கள்ல ஒருத்தர்தான் மச்சான்! யார் வர்றீங்க? ஃபோட்டோ எடுத்துத் தருவோம்!" எங்கயோ டவுனுக்கு. தினமும் பன்னிரண்டு மணிக்கு இதைச் சொல்கிறாளா? ஞாயிற்றுக்கிழமைகூடவா? அவர் அதைக் கேட்டுக்கொண்டு அங்கே நிற்கிறாரா? எங்கள் பேக்கிங் செக்‌ஷன் சம்பத் எழுந்துவிட்டான். கம்பெனியில் எந்த விழா என்றாலும் முன்னால் ஓடுகிறவன், தங்கமான பையன். "நான்தான் மச்சான்!" என்று கத்திக்கொண்டு படியேறினான், கம்பெனி ஆட்கள் விசிலடித்தார்கள். வாட்ச்மேன் நுனியை அவன் கையில் கொடுத்தான். சம்பத் ஒரு கையால் கொடியைப் பிடித்து, மறு கையால் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினான், வாட்ச்மேன் படமெடுத்தான். இன்னொரு படத்துக்காக சம்பத் இந்தப் பக்கம் திரும்பினான், திரும்பும்போது கொடிக்கு மேலே காலைத் தூக்கிப் போட்டு, கொடி அவன் கவட்டுக்கு நடுவில் வர நின்றான். தாண்டிவிட்டான். சடையன் மாமா அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு வேறுபக்கம் திரும்பிக்கொண்டார். அந்தத் திரும்பலில் கோபம் இல்லை, ஒன்றுமே இல்லை, பஸ்ஸில் யாரோ காலை மிதித்தால் ஓரமாக நகர்ந்துகொள்கிற மாதிரி. தினமும் தாண்டுகிறார்கள் போலிருக்கிறது. "இப்ப எல்லாரும் சேர்ந்து! அண்ணா கேட்பாரு, மச்சான் இருக்கானான்னு. நீங்க எல்லாரும் இருக்கேன்னு சொல்லணும்! சத்தமா! மச்சான் இருக்கானா?" அவர் கேட்கவே இல்லை, அவளே கேட்டாள். "இருக்கேன்!" ஐந்நூறு பேர். என் பக்கத்தில் கலாமணி, கழுத்து நரம்பு தெரிய, "இருக்கேன்!" ஆரஞ்சுத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஒருத்தன்தான் இல்லை.

எழுந்துவிட்டேன். எழ வேண்டும் என்று முடிவு செய்த ஞாபகம் இல்லை. "எங்க போறீங்க?" "மேல." "எதுக்குங்க? சம்பத்துதான் போயிருக்காருல்ல." "சம்பத்துக்குப் புடிக்கத் தெரியாது." "உங்களுக்குத் தெரியுமாக்கும்?" என்று சிரித்தாள். அவள் கழுத்தில் அந்த மணிமாலை. நான்கு வருடமாக இந்த முகம் என்னை நம்பியிருக்கிறது, இதை உடைக்க இந்த வெயிலில்தானா நேரம் வாய்த்தது? உட்கார்ந்துவிடலாம். இப்போதும் உட்கார்ந்துவிடலாம், ஒன்றும் கெட்டுப்போகவில்லை. "கலா, அவர் என் மாமா. எங்கக்கா வீட்டுக்காரர். நாலாம் நம்பர் குடிசையில நீ பார்த்தியே, அதுதான் எங்கக்கா." அவள் சிரிப்பு உடனே போகவில்லை, அது எங்கே போவது என்று தெரியாமல் முகத்திலேயே நின்றது. "யாருமே இல்லைன்னீங்க," என்றாள், மெதுவாக. "ஆமா, சொன்னேன்." வரிசையை மிதித்துக்கொண்டு இறங்கினேன், யாரோ திட்டினார்கள், யாரோ 'நஞ்சப்பண்ணனுக்கும் போட்டோ வேணுமாம்டோய்' என்றார்கள். பின்னால் அவள் வருகிறாளா என்று பார்க்கத் தைரியம் வரவில்லை. நாற்பத்தி மூன்று படி. இரண்டிரண்டாக ஏறினேன். சம்பத் என்னைப் பார்த்து, "வாங்கண்ணா, சேர்ந்து ஒன்னு எடுத்துக்கலாம்" என்றான். "குடு சம்பத். நீ கீழ போ." என் முகத்தில் எதைப் பார்த்தானோ, கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

கொடி கைக்கு வந்ததும் முதலில் தெரிந்தது அது பொம்மைக் கொடி இல்லை என்பதுதான். பச்சைக் கொடியை ஊறவைத்து, மூன்றாகப் பிரித்து, அழுத்தி முறுக்கின கொடி, மாமாவின் முறுக்கு, எங்கே தொட்டாலும் எனக்குத் தெரியும். சிமெண்டு மரத்தைச் சுற்றி ஒரு சுற்று போட்டேன், கால்களை ஊன்றினேன். வாட்ச்மேன் என் காதருகில் குனிந்து, "சார், டென்சன் ஆகாதீங்க. சும்மா புடிச்சிட்டு நின்னாப் போதும். வெயிட்டு பூராக் கம்பியில" என்றான். அப்போதுதான் பார்த்தேன். அவர் இடுப்புத் தழைக்குள்ளே பெல்ட், பெல்ட்டின் பின்னால் கொக்கி, கொக்கியிலிருந்து விரல் தடிமன்கூட இல்லாத ஒரு ஸ்டீல் கம்பி, அது பாறையில் பதித்த இரும்புப் பெட்டிக்குள் போனது. ஆள் இறங்க இறங்கத் தானே விடும், விழுந்தால் தானே பிடித்துக்கொள்ளும் பெட்டி. இதற்கா? இதற்கா நான்கு வருடத்துக் குடித்தனத்தைக் கேலரியில் போட்டு உடைத்துவிட்டு வந்தேன்? கம்பி தாங்குகிறது, நான் அலங்காரம். சம்பத்தே போதும். சிமெண்டு மரத்துக்கு ஏற்ற சிமெண்டு மச்சான். இறங்கி ஓடிவிடலாம் என்று தோன்றியது, கொடியை மட்டும் கை விடவில்லை. வாட்ச்மேன் படிக்கட்டில் போய் உட்கார்ந்து போனை எடுத்துக்கொண்டான். மாமா அப்போதுதான் திரும்பினார். முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். இரண்டு கையும் கொடியில் இருப்பதை. வெகுநேரம் பார்த்தார், அல்லது எனக்கு அப்படி இருந்தது. கீழே மைக் எதற்கோ சிரித்தது.

"மாமா," என்றேன். குரல் எங்கள் பேச்சில்தான் வந்தது, ஆறு வருடமாக வாயில் எடுக்காத பேச்சு. "அன்னிக்குத் தேனீ கொட்டல. உக்காந்துச்சு, அவ்வளவுதான். பயந்துட்டேன். நானாத்தான் கையெடுத்தேன்." சொல்லிவிட்டேன். பாறையில் இருந்து என்னைத் தள்ளிவிடுவார் என்று நினைத்தேனா, அழுவார் என்று நினைத்தேனா, தெரியவில்லை. அவர் காலால் ஒரு சரளைக்கல்லை ஓரமாக ஒதுக்கினார். "தொங்கறவனுக்குத் தெரியாதா?" என்றார். "வழுக்கற கொடி வேற மாதிரி வரும், விட்ட கொடி வேற மாதிரி வரும். அன்னிக்கு நீ விட்டே. அப்புறம் புடிச்சே. ரெண்டும் எனக்குத்தான் தெரியும், உனக்கென்ன தெரியும்?" கொடியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். "ரேசி உன்னப் பத்தி ஒரு நாளும் ஒன்னும் சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல," என்றார். பிறகு கேலரியின் பக்கம் பார்வையை வைத்துக்கொண்டே, இடது கையைப் பின்னால் கொண்டுபோனார். தழை அசைந்தது. 'டக்'கென்று ஒரு சின்னச் சத்தம், கொக்கி அவர் உள்ளங்கையில் இருந்தது. அதைச் சத்தம் வராமல் பாறையில் வைத்து, ஒரு கிளைத் தழையை எடுத்து மூடினார். "மாமா, வேண்டாம். மாட்டுங்க. எனக்குப் பழக்கம் விட்டுப்போச்சு, மாமா, கை வேர்க்குது." "அந்த மண்ணுல தேய்ச்சுக்க," என்றார். "நீ போனதுலேருந்து கொடியில எறங்கவே இல்ல. இந்தக் கம்பி எடுப்பு ஒரு எடுப்பா?" நான் ஒரு கையை எடுத்து மண்ணில் தேய்த்தேன், அந்தக் கையைக் கொடியில் வைத்துவிட்டு மறு கையை எடுத்துத் தேய்த்தேன். கீழே மைக் பெண் கைதட்டச் சொன்னாள். மூன்றாவது வரிசையில் கலாமணி எழுந்து நின்றுகொண்டிருந்தாள், அவளுக்குப் பக்கத்தில் ராகி மாவு ஒட்டின கையோடு ஒரு பெண் வந்து நிற்பது கண்ணோரத்தில் தெரிந்தது, நான் அங்கே பார்க்கவில்லை. மாமா கொடியை இடுப்பில் கட்டிக்கொண்டு, பாறை விளிம்பில் குதிகாலை வைத்து, முதுகை வெளிப்பக்கம் காட்டி நின்றார். "விடு," என்றார். ஒரு பிடி விட்டேன். அவர் பின்னால் சாய்ந்தார். கொடி இறுகி மரத்தைக் கவ்வியது, கனம் என் தோள் வரைக்கும் வந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் இருந்ததைவிட அவர் கொஞ்சம் கனத்துப்போயிருந்தார்.